எருக்கின் மேல் ஒரு வழக்கு

உங்களுக்குப் பிடிக்காத ஒருவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சபிக்க வேண்டும். கிராமத்தில் அதற்கு ரெடிமேடாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள். 'உன் வீட்ல எருக்கு முளைக்க!'

அவ்வளவுதான். ஆள் போக்குவரத்து நின்று, கூரை விழுந்து, சுவர் கரைந்து, அந்த மண்மேட்டில் எருக்கஞ்செடி முளைக்க வேண்டும் என்று அர்த்தம். நாலே வார்த்தையில் ஒரு வம்சத்தைக் காலி செய்கிற சாபம்.

என் வீட்டில் எருக்கு முளைத்தது. எனக்குத் தெரிந்து யாரும் சபிக்கவில்லை. தாம்பரம் தாண்டி இருக்கிற எங்கள் வீட்டின் காம்பவுண்டு சுவருக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் ஒரு முழம் மண். அதில் அதுவாக வந்தது. தண்ணீர் ஊற்றியது கிடையாது. கோடை முழுக்க மொட்டை வெயிலில் நின்று, ஆடி மாதம் பார்த்தால் என் தோள் உயரம். மனைவி ஆசை ஆசையாக நர்சரியில் இருந்து வாங்கி வைத்த, பெயர் வாயில் நுழையாத செடிகள் எல்லாம் தொட்டியில் நாக்குத் தள்ளிக்கொண்டிருக்க, இது மட்டும் கொத்துக் கொத்தாக ஊதாப் பூ வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்தது.

"அதைப் பிடுங்கிப் போடுங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டுக்காரர், "ஸார், வெள்ளெருக்குன்னா விடலாம். ஐஸ்வர்யம். இது நாட்டு எருக்கு. ஆகாது" என்றார். இரண்டும் ஒரே செடிதான், பூவின் நிறம்தான் வேறு என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. வெள்ளையாக இருந்தால் ஐஸ்வர்யம் என்கிற நம்பிக்கை நம் ஊரில் செடியோடு நிற்பதில்லை, விட்டுவிடுங்கள்.

பிடுங்கத்தான் போனேன். தடுத்தது, எதிரே கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டின் வாட்ச்மேன் பெரியவர். ராமநாதபுரம் பக்கம் கடலோர ஊர்.

"எதுக்கு சார் பிடுங்குறீங்க? கயித்தை யாராவது பிடுங்கிப் போடுவாங்களா?"

புரியவில்லை. அவர் வந்து, கிளை விடாமல் நேராகப் போயிருந்த ஒரு தண்டை அடியில் வெட்டினார். பால் வடிந்தது. "கையைக் கண்ணுகிட்ட கொண்டுபோயிராதீங்க" என்று என்னை எச்சரித்துவிட்டு, இலையை எல்லாம் கழித்து நிழலில் போட்டார். இரண்டு நாள் கழித்து வந்தார். பால் காய்ந்து தண்டு வாடியிருந்தது. ஒரு கல்லில் வைத்து லேசாகத் தட்டி, நடுவில் ஒடித்து இழுத்தார். பட்டை நீளமாக உரிந்து வந்தது. மேல்தோலை நகத்தால் சுரண்டினார். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் நான் நிஜமாகவே வாயைப் பிளந்தேன். பட்டு. வெள்ளை வெளேரென்று, மினுமினுப்பாக, முடி மாதிரி மெல்லிய நார்.

அதை இரண்டு புரியாகப் பிரித்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு தொடையில் வைத்து உருட்டினார். முன்னால் ஒரு உருட்டு. அப்போது ஒவ்வொரு புரியும் தனித்தனியாக முறுக்கு ஏறுகிறது. பின்னால் ஒரு இழுப்பு. இரண்டும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்கிறது. ஒரு புரி பிரிந்து ஓடப் பார்த்தால், அந்த ஓட்டமே இன்னொன்றை இறுக்குகிறது. கயிறு என்பது இரண்டு எதிரெதிர் பிடிவாதங்களின் சமாதானம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரத்தில் ஒரு முழக் கயிறு. "இழுங்க" என்றார். இழுத்தேன். கை சிவந்ததுதான் மிச்சம்.

அவருடைய அப்பா காலத்தில், நைலான் வருவதற்கு முன்னால், தூண்டில் கயிறு இதில்தான் திரிப்பார்களாம். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் சட்டென்று இற்றுப்போகாதாம்.

நானும் கற்றுக்கொண்டேன். 'பத்திரிகைக்காரன் கயிறு திரிப்பது புதுசா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் கயிறு வேறு, இது வேறு. இதற்குத் தொடை தோல் உரியும்.

படித்தது பி.காம். என்பதால், எதைப் பார்த்தாலும் கணக்குக் கேட்கிற புத்தி. தேடினேன். 1855-ல் ஃபோர்ப்ஸ் ராயில் என்கிற ஆங்கிலேயர் இந்திய நார்ச் செடிகளைப் பற்றி ஒரு தடிமனான புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் நம்ம எருக்கு 'யெர்க்கம்' என்ற பெயரில் இருக்கிறது. மதராஸ் ராஜதானியில் செடி கொடி ஆராய்ச்சி செய்த ராபர்ட் வைட் என்கிற ஸ்காட்லாந்து டாக்டர், நம் ஊர் நார்களில் கயிறு திரித்து, எவ்வளவு எடையில் எது அறுகிறது என்று போட்டி வைத்திருக்கிறார். தேங்காய் நார்க் கயிறு 224 பவுண்டில் அறுந்தது. மருள் 316. பருத்தி 346. கற்றாழை 362. சணப்பு 407. எருக்கு? 552 பவுண்டு. சுமார் 250 கிலோ. இந்தப் போட்டியில் முதல் மார்க் வாங்கியது, நாம் பிடுங்கிப் போடச் சொல்கிற செடி.

அப்புறம் ஏன் எருக்குக் கயிறு கடையில் கிடைப்பதில்லை? காரணம் பாவ புண்ணியம் அல்ல, கூலி. மற்ற நார்களைப் போல மொத்தமாகத் தண்ணீரில் ஊறப்போட்டு அலச இதில் வழியில்லை. ஒவ்வொரு தண்டாகக் கையால் உரிக்க வேண்டும். கட்டுப்படி ஆகாது. என் கல்லூரி புரொபசர் இருந்திருந்தால், 'நாட் வயபிள்' என்று ஒரு வார்த்தையில் ஃபைலை மூடியிருப்பார்.

நான் மூடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் செடியோடு உட்கார ஆரம்பித்தேன். அப்படி உட்கார்ந்தபோதுதான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தச் செடிக்கு என்னைவிட ரெகுலரான வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

முதல் ஆள், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கருவண்டு. வண்டு என்று சொல்கிறோமே தவிர, அது தேனீ ஜாதி. உத்தரத்தில், காய்ந்த மரத்தில் தச்சு வேலைக்காரர் மாதிரி வட்டமாகத் துளை போட்டுக் குடியிருக்கும். ஹெலிகாப்டர் சத்தத்தோடு வந்து எருக்கம் பூவில் உட்காரும். எருக்கின் மகரந்தம் மற்ற பூக்களில் இருப்பது மாதிரி பொடி அல்ல. இரண்டு குட்டிப் பைகள், நடுவில் கோத்த மாதிரி ஒரு கிளிப். தேனுக்காக வந்த வண்டின் கால், பூவின் நடுவில் இருக்கிற அந்தக் கிரீடத்தின் பிளவில் வழுக்கி உள்ளே போகும். இழுக்கும்போது கிளிப் காலைக் கவ்விக்கொண்டு பையோடு வெளியே வரும். வண்டு அதைத் தூக்கிக்கொண்டு போய், அடுத்த செடியின் பூவில் அதே மாதிரி ஒரு பிளவில் மாட்டி விட்டுவிடும். சின்னப் பூச்சிகளுக்கு இந்த வேலைக்குப் பலம் போதாது. பூட்டு அவ்வளவு டைட். கருவண்டு வந்தால்தான் காய். காய் வெடித்தால்தான் சின்ன வயதில் நாம் ஊதி ஊதித் துரத்திய அந்தத் தாத்தாப் பூச்சி.

அடுத்து ஒரு வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு இறக்கை, ஓரத்தில் கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. வெந்தய வரியன் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எருக்கு இலையில் முட்டையிடும். புழு அந்த இலையைத் தின்னும்போது, பாலில் இருக்கிற விஷமும் உடம்பில் சேரும். நமக்கு இதயத்தைப் பிடிக்கிற விஷம். அந்தப் பூச்சிக்கோ அது ஆயுள் காப்பீடு. ஒரு தடவை கொத்திப் பார்த்த பறவை, வாந்தி எடுத்து, அடுத்த தடவை ஆரஞ்சு நிறத்தைக் கண்டாலே ஒதுங்கிப்போகும். இதைப் பார்த்துவிட்டு, விஷமே இல்லாத இன்னொரு வண்ணத்துப்பூச்சி இனத்தின் பெண், அச்சு அசல் இதே உடுப்பைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறது. போலி அடையாள அட்டை நம் ஊரில் மட்டும் இல்லை.

இப்போது எனக்கு ஒரு சங்கடம். நார் நன்றாக வர வேண்டுமென்றால், கிளை பிரிவதற்கு முன்னால் நீளத் தண்டாக வெட்ட வேண்டும். அந்தத் தண்டை விட்டுவைத்தால் நுனியில் பூ. வெட்டினால் எனக்குக் கயிறு, வண்டுக்குப் பட்டினி. பெரியவரிடம் கேட்டேன். "எங்கப்பா ஒரு செடியில பாதிக்கு மேல கை வைக்க மாட்டாரு" என்றார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா செய்தார், அவ்வளவுதான். நானும் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். வெட்டிய அடியில் இருந்து நேர் நேராகப் புதுத் தண்டுகள் கிளம்பின. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

அம்மா ஊரில் இருந்து வரும் வரை.

வருடத்தில் ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் என் வீடு. ஆட்டோவில் இருந்து இறங்கியவர் கேட்டைத் திறக்கவில்லை. செடியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது யார் வச்சது?"

"தானா வந்துச்சும்மா."

"தானா வந்தா? பிடுங்கிப் போட மாட்டியா? பொம்பளப் புள்ள இருக்கிற வீடு."

எனக்கு ஒரு மகள். ஒன்பதாவது படிக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? லெக்சர் அடித்தேன். 552 பவுண்டு சொன்னேன், கருவண்டு சொன்னேன், வண்ணத்துப்பூச்சி சொன்னேன். 'மூடநம்பிக்கை' என்கிற வார்த்தையையும் பயன்படுத்தினேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். ராத்திரி சாப்பாடு முடிந்து, மகள் தூங்கப் போன பிறகு சொன்னார்.

"எனக்கு மேல ஒருத்தி இருந்தா. உனக்குப் பெரியம்மா. ஏழு நாள் இருந்தாளாம்."

எனக்குத் தெரியாது. நாற்பது வயது தாண்டிய எனக்கு, ஒரு பெரியம்மா இருந்தார் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்க அம்மாச்சி அதைப் பத்திப் பேசினது ஒரே ஒரு தடவை. 'எருக்கம்பாலு கொண்டுபோயிருச்சு'ன்னு சொன்னா. அந்தச் செடி எங்க கொல்லையிலேயேதான் நின்னுச்சு. நான் கல்யாணமாகி வர்ற வரைக்கும் தினம் அதைத் தாண்டித்தான் தண்ணிக்குப் போவேன்."

விஷயம் நமக்குத் தெரியாதது இல்லை. 1986-ல் உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்தபோது நாடே அதிர்ந்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. ரிப்போர்ட்டராக இருந்த காலத்தில் நானே இதைப் பற்றி இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறேன். 'கள்ளிப்பால், எருக்கம்பால் கொடுமை' என்று தலைப்புக்கூட நான் வைத்ததுதான். எழுதியபோது அது எங்கேயோ நடந்த விஷயம்.

தூக்கம் வரவில்லை. அம்மாச்சி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எருக்கம்பால் கொண்டுபோய்விட்டது. பள்ளியில் தமிழ் ஐயா எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் பிரிக்கச் சொல்லுவார் இல்லையா? பிரித்துப் பாருங்கள். செய்தது யார்? எருக்கம்பால். மனிதர் யாருமே அந்த வாக்கியத்தில் இல்லை. பறித்த கை இல்லை. 'இதையும் பொண்ணா பெத்துட்டாளா' என்று திண்ணையில் உட்கார்ந்து சொன்ன வாய் இல்லை. நகைக்கும் நிலத்துக்கும் கணக்குப் போட்ட தாத்தா இல்லை. செடி வந்தது, செய்தது, போய்விட்டது.

அம்மாச்சியைக் குறை சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை அப்படிச் சொன்னதால்தான் அவரால் மிச்ச ஆயுளை ஓட்ட முடிந்ததோ என்னவோ. ஆனால், என் தொழிலே வாக்கியம் எழுதுவது. நான் எழுதிய தலைப்பும் அதேதான் செய்திருக்கிறது. 'எருக்கம்பால் கொடுமை'. 'லாரி மோதி இருவர் பலி' என்று தினமும் எழுதுகிறோம். லாரியா மோதியது? பன்னிரண்டு மணி நேரம் தூங்காத டிரைவர், டிரிப் கணக்கில் சம்பளம் கொடுக்கும் முதலாளி, குழி மூடாத ரோடு, எல்லாரும் அந்த 'லாரி'க்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு சாலமன் வழக்கு ஞாபகம் இருக்கும். 1897. லண்டனில் பூட்ஸ் வியாபாரம் செய்த சாலமன், தன் கடையைக் கம்பெனியாக மாற்றினார். பங்கு கிட்டத்தட்ட எல்லாம் அவருடையது, மனைவி மக்களுக்குப் பேருக்கு ஒவ்வொன்று. கம்பெனி திவாலானது. கடன் கொடுத்தவர்கள் சாலமனைப் பிடித்தார்கள். பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது: கம்பெனி வேறு, சாலமன் வேறு. கடன் கம்பெனியுடையது. வியாபாரத்துக்கு அது நல்ல தீர்ப்பு. அது இல்லாவிட்டால் தைரியமாக யாரும் தொழில் தொடங்க மாட்டார்கள் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி தோன்றியது, எருக்கும் ஒரு லிமிடெட் கம்பெனிதான். பங்குதாரர் எல்லாம் மனிதர்கள். பொறுப்பு மட்டும் செடியுடையது.

பொருளின் மேல் வழக்குப் போடுவது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. பழைய ஏதென்ஸில் ஆளைக் கொன்ற கல்லையும் கட்டையையும் விசாரணை செய்து எல்லைக்கு வெளியே எறிவார்களாம். இங்கிலாந்தில் மாட்டு வண்டி ஏறி ஒருவர் செத்தால், வண்டிச் சக்கரம் அரசாங்கத்துக்குப் பறிமுதல், அல்லது அதன் விலை. ரயில் வந்து, விபத்துகள் நடந்து, ஜூரிகள் ரயில் இன்ஜின் மேல் பெரிய பெரிய தொகை விதிக்க ஆரம்பித்ததும்தான் முதலாளிகளுக்கு உறைத்தது. 1846-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அதே வருடம், செத்தவரின் குடும்பம் தவறு செய்தவரிடம் நஷ்டஈடு கேட்க வேறொரு சட்டம் வந்தது.

நம்ம திருவாரூர்க் கதையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கன்றுக்குட்டி தேர்க்காலில் செத்தது. பசு மணியை அடித்தது. மனுநீதிச் சோழன் தேரைப் பறிமுதல் செய்யவில்லை. குதிரையைக் கட்டிப் போடவில்லை. தேரில் இருந்தவன் யார் என்றுதான் கேட்டான். இருந்தது சொந்த மகன். தண்டனை சரியா தவறா என்று நாம் சண்டை போடலாம், எனக்கே அதில் உடன்பாடு கிடையாது. ஆனால், கேள்வி சரியான கேள்வி.

இன்றைக்கு யாரும் எருக்கைத் தேடிக் கொல்லைக்குப் போவதில்லை. ஏ.சி. அறை, ஜெல் தடவி, கறுப்பு வெள்ளைத் திரை. கருவில் என்ன குழந்தை என்று சொல்லக்கூடாது என்று 1994-ல் சட்டம் வந்தது. மீறினால் ஸ்கேன் மெஷினுக்கு சீல். அதிகாரிகள் மெஷினுக்கு அரக்கு வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய வண்டிச் சக்கரம்தான் ஞாபகம் வருகிறது. அந்தச் சட்டம் டாக்டரையும் ஜெயிலுக்கு அனுப்பும் என்பது ஆறுதல். ஆனால், 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலத்தில் ஆறு வயது வரை உள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான். அதற்குப் பத்து வருடம் முன்னால் 942. பத்து வருடத்தில் ஒன்று கூடியிருக்கிறது. செடியைப் பிடுங்கிவிட்டோம், மெஷினுக்கு சீல் வைத்துவிட்டோம், திண்ணையில் இருந்த அந்த வாயை என்ன செய்தோம்?

புறநானூற்றில் 106-வது பாட்டு கபிலருடையது. பாரியின் கொடையைப் பற்றிச் சொல்ல வந்தவர், உவமைக்கு எருக்கை எடுக்கிறார். நல்ல பூ என்றும் இல்லை, கெட்ட பூ என்றும் இல்லை. ஆனாலும் அதைக் கொண்டுபோய்ச் சாத்தினால் தெய்வம் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாது, அது மாதிரிதான் ஒன்றும் அறியாதவர் போய் நின்றாலும் பாரி கொடுப்பான் என்பது பொருள். வாசித்துவிட்டு அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஒருத்தர் இந்த வழக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார், எருக்கு நிரபராதி என்று.

நல்லவேளை, ஓடவில்லை.

ஏனென்றால், யோசிக்க யோசிக்க, நான் அம்மாவிடம் போட்ட சண்டை நியாயமில்லை என்று பட்டது. செடிக்குப் பாவம் ஒட்டாது என்பது சரி. அதை நான் இன்றைக்கும் சொல்வேன். கயிற்றில் தூளி கட்டலாம், தூக்கும் மாட்டலாம். கயிற்றிடம் போய்க் கேள்வி கேட்பது வீண். ஆனால், ஒரு வீட்டில் தூக்கு நடந்துவிட்டால், அந்தக் கயிற்றைப் பத்திரமாகச் சுருட்டி வைத்து, 'அம்மா, இதன் பலம் 552 பவுண்டு' என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வீர்கள்? அம்மா செடியின் மேல் வழக்குப் போடவில்லை. அவர் அதைப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒன்றில்லை. முதலாவது, குற்றவாளியை மறைக்கிறது. இரண்டாவது, செத்தவளை மறக்காமல் வைத்திருக்கிறது. ஏழு நாள் இருந்த அந்தப் பெண்ணுக்குப் போட்டோ கிடையாது, பெயர் கிடையாது, திதி கிடையாது. அவளுக்கு என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே அடையாளம் அம்மாவின் அந்த முகச்சுளிப்புதான். அதைத்தான் நான் மூடநம்பிக்கை என்று சொன்னேன்.

மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். அடியோடு வெட்டினேன். கருவண்டு ஒன்று வந்து, காலியான இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. அதற்கு என்ன பதில் சொல்வது? அதன் கணக்கில் நான் செய்தது அநியாயம்தான். வெட்டிய தண்டில் இரண்டை எடுத்துப் போய், இரண்டு தெரு தள்ளி ரயில்வே லைன் ஓரம் காலி மண்ணில் ஊன்றி வைத்தேன். பிழைத்துக்கொண்டது. எருக்கைச் சாகடிப்பது சுலபமில்லை.

சுலபமில்லை என்பது வீட்டில் வெட்டியதற்கும் பொருந்தும். வேர் ஆழத்தில் இருக்கிறது. அம்மா அண்ணன் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் கழித்து வந்தபோது, அடிக்கட்டையில் இருந்து எட்டுத் தண்டு கிளம்பி, நேர் நேராக, கயிற்றுக்கென்றே அளவெடுத்த மாதிரி நின்றது. நான் மறுபடி அரிவாளைத் தேடினேன். "விடு. அது போகாது" என்றார் அம்மா. கோபமாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சில விஷயங்கள் நடைமுறைக்கு. நீங்கள் வளர்க்க நினைத்தால், தொட்டி வேண்டாம், அது வெட்டவெளிச் செடி. குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் வேண்டாம். பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வெட்டினால் பாதிதான். மீதி வண்டுக்கு.

போன மாதம் ஒரு சாயங்காலம். மல்லிகை மொட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தார். வாழைநார் தீர்ந்துபோயிருக்கிறது. ஜன்னல் மேடையில் நான் உரித்துக் காயவைத்திருந்த நாரில் நாலைந்து இழையை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் உள்ளே நுழைந்தபோது ரெண்டு முழம் முடிந்திருந்தது.

"இது என்னடா நாரு? பட்டு மாதிரி இருக்கு. பூவு நழுவவே மாட்டேங்குது."

ஒரு நிமிடம் நின்றேன். சணல் என்று சொல்லியிருக்கலாம். கயிறு திரிக்கிறவனுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

"எருக்கும்மா."

கை நின்றது. மடியில் இன்னும் ஒரு பிடி மொட்டு இருந்தது. பூவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, மிச்சத்தையும் அதே நாரில் கட்டி முடித்தார். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. பேத்திக்கும் கொடுக்கவில்லை. சாமி படத்துக்கும் போடவில்லை. ஒரு கிண்ணத்தில் சுருட்டி வைத்து, ஈரத் துணியால் மூடி, அடுக்களை மேடையில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் கிண்ணம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பூவை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.